முற்றுப்பெறாத வில்

இத்தாலி தேசத்தின் வடகோடியிலே, ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே பொல்சானோ என்றொரு நகரம் உண்டு. தெருப் பலகைகளில் இத்தாலிய மொழியும் ஜெர்மன் மொழியும் அருகருகே விளங்கும். அங்குள்ள நூதனசாலையை நாம் அடைந்தபோது வாயிலில் நீண்ட வரிசை நின்றது. வந்தவருட் பெரும்பாலோர் நாடியது, 1991ஆம் ஆண்டு செப்டெம்பரிலே 3,210 மீற்றர் உயரத்தில் பனிக்கட்டியினின்று வெளிப்பட்ட ஏட்சி என்னும் ஆதிமனிதனின் உடலை. பூச்சியத்துக்குக் கீழ் 6 பாகைக் குளிரிற் கிடக்கும் அவ்வுடலைச் சிறு சாளரத்தின் வழியே நாமும் கண்டோம். ஆயினும் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது அவனுடன் கிடைத்த ஒரு மரத்தடியே.

இராமாயணப் படங்களிற் காணும் வளைந்த வில்லை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். இது நேரான கோல், நீளம் 1.82 மீற்றர். அதற்குரியவனோ ஏறக்குறைய 1.60 மீற்றர் உயரமே உடையவன். கோலெங்கும் கோடரி செதுக்கிய தழும்புகள். நாண் பூட்டும் வெட்டு இல்லை. வேலை முடிந்திருந்தால் அத்தழும்புகள் மெருகிலே மறைந்திருக்கும். 5,300 ஆண்டுகளுக்கு முந்திய கைவேலையை நாம் இவ்வளவு அணுக்கமாகக் கண்டிருக்க மாட்டோம்.

மரம் யூ என்பது. ஐரோப்பியர் வில்லுக்கு இதனையே பெரிதும் விரும்பினர். காரணம் உண்டு. நாணை இழுக்கும்போது வில்லின் வெளிப்புறம் நீள வேண்டும். எய்பவனை நோக்கிய உட்புறம் அமுங்க வேண்டும். யூ மரத்தின் வெண்மையான வெளிறு இழுவையைத் தாங்கும். சிவந்த வைரம் அமுக்கத்தைத் தாங்கும். வெட்டிய பச்சைத் தடியை மெல்ல உலர்த்துவர். விரைந்து உலர்ந்தாற் பிளவு காணும். பின்பு நடுவிலே தடிப்பு விட்டு, இரு முனைகளையும் நோக்கி மெலியச் செதுக்குவர். சற்றே செதுக்கி, சற்றே வளைத்து, இரு பாதிகளும் ஒப்ப வளைகின்றனவா என நோக்கி, விறைத்த இடத்தை மாத்திரம் மீண்டும் சுரண்டுவர். ஓரிடம் அளவுக்கு மிஞ்சி மெலிந்தால் அங்கேயே முறியும். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்டுவது ஏது? ஏட்சி இந்தக் கட்டத்தை எட்டவில்லை.

அருகே அவனது செப்புக் கோடரி. அதன் பிடியும் யூ மரமே. அம்பறாத்தூணியில் 14 அம்புகள். அவற்றுள் முனையும் இறகும் பொருத்தப்பெற்றவை இரண்டே. எய்யத்தக்க வில் எதுவும் அவனருகே அகப்படவில்லை.

2001ஆம் ஆண்டு எடுத்த எக்ஸ்-கதிர்ப் படத்திலே, அவனது இடத்தோளினுள் ஒரு கல் அம்புமுனை தென்பட்டது. பின்புறமிருந்து வந்த அம்பு அது. வேறொருவனின் முற்றுப்பெற்ற வில்லிலிருந்து புறப்பட்டது.