சளிப் பிடித்த ரீடு

சின்ன மாமாவின் கிளாரினெட் பெட்டியைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது கந்தக நெடி. மவுத்பீஸ் எபோனைட்டால் ஆனது, அதாவது ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்து இறுக்கிய பண்டம், வெயிலும் எச்சிலும் பட்டுப் பட்டு அந்தக் கந்தகம் மெல்ல மேலே வரும், கருப்பு வெளிறிப் பச்சையாகிப் பழுப்பாகும் என்பதெல்லாம் வெகு காலம் கழித்துத் தெரிந்துகொண்ட விஷயம். அந்த வயதில் எனக்கு அது தீபாவளிக்கு மறுநாள் காலை வாசல் வாசனை, அவ்வளவுதான். அதற்குப் பின்னால், கார்க்கில் தடவுகிற மெழுகின் வாசனை வரும், குழலின் உள்ளே விட்டு இழுக்கிற மல்லுத்துணியின் ஈர வாசனை வரும், கடைசியாக, பெட்டியின் மூலையில் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து மாமா படுக்கப் போட்டிருக்கும் ரீடுகளின் காய்ந்த வைக்கோல் வாசனை, அது வேண்டுமென்றால் குனிந்து மூக்கை உள்ளேயே விட வேண்டும், விட்டால் தலையில் ஒரு குட்டு விழும்.

எங்கள் வீடு அகண்ட காவிரிக் கரையில், திருச்சிக்கு மேற்கே. தாத்தாவுக்குக் கோயிலில் நாகஸ்வர முறை. காலசந்திக்கும் சாயரட்சைக்கும் அவர் தப்பினால் கோயில் மணி தப்பிய மாதிரி ஊர் விசாரிக்கும். அவர் பிள்ளை கிளாரினெட்டை எடுத்தது அவருக்குப் பெரிய வருத்தமில்லை, ஆனால் சின்ன வருத்தம், தினமும் வெற்றிலையோடு சேர்த்து மெல்லுகிற அளவில் இருந்தது. "அவனா, அவன் சீமைத் தட்டை ஊதுறான்" என்பார், யாராவது மாமாவைக் கேட்டால். மாமா பதில் சொல்ல மாட்டார். சதிர்க் கச்சேரியில் 1860 வாக்கிலேயே மகாதேவ நட்டுவனார் கொண்டுவந்து சேர்த்த வாத்தியம் இது, சின்ன மேளத்தில் எத்தனை தலைமுறை வாசித்திருக்கிறார்கள் என்று எங்களிடம் மட்டும், தாத்தா கோயிலுக்குப் போன பிறகு, சொல்லுவார்.

வீட்டில் இரண்டு பேருமே நாணலை நம்பிப் பிழைத்தவர்கள் என்பதுதான் வேடிக்கை. தாத்தாவின் சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்தது, இரண்டு இதழ் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நூல் கட்டில் நிற்கும். நாகஸ்வரத்தின் கழுத்தில் ஒரு கொத்தாகத் தொங்கும் அவற்றைத் திருவாவடுதுறைக்காரரிடம் சொல்லிவைத்து வாங்குவார். மாமாவின் ரீடு ஒற்றை இதழ். பிரான்சின் தெற்கே, மத்தியதரைக் கடலோரம் வார் என்கிற வட்டாரத்தில் விளைகிற நாணலைச் சீவிச் செய்தது, அட்டைப் பெட்டியில் எண் போட்டு வரும். இரண்டு, இரண்டரை, மூன்று என்று எண் ஏற ஏற ரீடு விறைப்பு. வாண்டோரன் பெட்டி என்றால் பத்து இருக்கும். பத்தும் ஒரே எண், ஒரே அளவு, ஒரே விலை, ஆனால் வாயில் வைத்தால் பத்தும் பத்துப் பிறவி. கச்சேரிக்கு ஆகும் என்று மூன்று தேறினால் மாமா அன்றைக்கு எனக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தருவார், அதனால் பெட்டி பிரிக்கிற நாளில் சாமிக்கு வேண்டிக்கொள்வது நான்தான்.

பிரித்ததும் என்னைத்தான் கூப்பிடுவார். கண் நல்ல கண், பாப்பாவுக்கு. திண்ணை ஓரம் வெயில் விழுகிற இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். சீவின பகுதியில் நடுவே ஒரு நிழல், நாக்கு மாதிரி, நுனியை நோக்கி மெலிந்து போகும். அது இடமும் வலமும் ஒரே அளவாக இறங்குகிறதா, நரம்புகள் நேராக ஓடுகின்றனவா என்று சொல்ல வேண்டியது என் வேலை. பச்சை தட்டினால் தட்டை முற்றவில்லை என்று அர்த்தம், அதைத் தனியே வைப்போம். பொன் நிறமாய், அங்கங்கே பழுப்புப் புள்ளியோடு இருந்தால் மாமாவின் முகம் மலரும். அப்புறம் தண்ணீர் டம்ளரில் ஊறப்போடுவார். அந்த டம்ளரில் எந்தக் காலத்திலும் யாருக்கும் காப்பி கொடுத்துவிடக் கூடாது என்று பாட்டி அதன் அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டிருந்தாள்.

ஊறினதை மவுத்பீஸின் தட்டையான முகத்தில் வைத்து, வளையம் மாட்டித் திருகுவதற்குப் பதிலாக மாமா நூலைச் சுற்றிக் கட்டுவார். சீவாளிக்கு தாத்தா கட்டுகிற அதே நூல். ஜெர்மனியில் இன்றும் பலர் கயிற்றில்தான் கட்டுகிறார்கள் என்று பின்னால் படித்தபோது மாமாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கட்டி முடித்ததும் மவுத்பீஸின் அடி ஓட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வாயால் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு விடுவார். ஒரு கணம் ரீடு ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு 'டப்'பென்று பிரிந்தால் பொருத்தம் சரி. சத்தமே இல்லையென்றால் எங்கோ காற்று ஒழுகுகிறது. இந்த 'டப்' எனக்கு அவ்வளவு பிடிக்கும். மாமா இல்லாத நேரத்தில் நான் அதை மட்டும் செய்து பார்த்துக்கொண்டிருப்பேன், சங்கீதத்தில் எனக்கு அதற்கு மேல் ஆசை இருந்ததாக ஞாபகமில்லை.

மாமாவின் வாத்தியம் ஓய்வுபெற்ற போலீஸ் பேண்டுக்காரர் ஒருவரிடம் வாங்கியது. அதோடு வந்த மவுத்பீஸ் அணிவகுப்புக்கென்றே பிறந்தது. நுனியில் ரீடுக்கும் அதற்கும் நடுவே உள்ள சந்து குறுகல், அதற்கு விறைப்பான ரீடு போட்டால் சுருதி ஆணி அடித்தாற்போல் நிற்கும். நிற்பதுதான் மாமாவுக்குத் தொல்லை. தோடியில் காந்தாரத்தை ஆட்ட வேண்டும், பைரவியில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டும், இதுவோ "அட்டென்ஷன்" என்று நிற்கிறது. எதிர்வீட்டு ரேடியோவில் திருச்சி நிலையத்தில் ஏ.கே.சி. நடராஜன் வாசிப்பு வந்தால் மாமா சாப்பாட்டுக் கையோடு வாசலில் போய் நின்றுவிடுவார். நாகஸ்வரமும் கற்றவர் அவர், அதனால் கிளாரினெட்டில் அந்த அசைவு தானாக வருகிறது என்பது மாமாவின் கட்சி. 2008-ல் அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தபோது மாமா இருந்திருந்தால் ஊருக்கே கடலை மிட்டாய் வாங்கியிருப்பார். கையில் பருப்புச் சாதம் காய்ந்து வெடிக்க, "கேளு பாப்பா, உதட்டை எறக்குறாரு பாரு, அங்க" என்பார். உதடு ரேடியோவில் எப்படித் தெரியும் என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

அந்த உதட்டுக்கு இடம் கொடுக்கிற மவுத்பீஸைத் தேடித்தான் மாமா சென்னைக்குப் புறப்பட்டார், முழுப்பரீட்சை லீவில் நானும் ஒட்டிக்கொண்டேன். மவுண்ட் ரோட்டில் மியூசி மியூசிகல். 1842-ல் தொடங்கிய கடை என்பது எனக்கு அன்று தெரியாது, பியானோக்களுக்கு நடுவே நடந்தபோது செருப்பை வெளியே விட்டிருக்க வேண்டுமோ என்ற பயம்தான் இருந்தது. பெரியவர் ஒருவர் தட்டில் பரப்பி வைத்தார். கண்ணாடியில் செய்த மவுத்பீஸ் ஒன்று இருந்தது, அதை வாங்கச் சொல்லி மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன், அழகு வேறு எதற்கு? மாமா அதை ஊதிப் பார்த்துவிட்டு "ரொம்ப சுத்தமா இருக்கு" என்று கீழே வைத்தார், அது குறையா நிறையா என்று எனக்குப் புரியவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து நறுக்கின போஸ்ட்கார்டுத் துண்டுகளை எடுத்தார். பழைய மவுத்பீஸின் நுனிச் சந்தில் நாலு துண்டு அடுக்கி நுழைக்கலாம். தட்டின் ஓரத்தில் பழுப்பேறிக் கிடந்த ஒன்றில் ஆறு நுழைந்தது. மொத்தமே ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான், அந்தச் சொச்சத்துக்காகத்தான் இத்தனை தூரம் ரயில். "இது டான்ஸ் மியூசிக் வாசிக்கிறவங்க கேக்கறது சார், உங்களுக்கு ஆகாது, மேல போனா சுருதி அலையும்" என்றார் பெரியவர். "அலையட்டும், அதுக்குத்தான்" என்றார் மாமா. கூடவே இரண்டாம் எண் ரீடு ஒரு பெட்டி. பேண்டு வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள், அது குழந்தைகளுக்குக் கொடுக்கிற மெல்லிசு. திறந்த மவுத்பீஸில் விறைத்த ரீடு போட்டால் கன்னம் பிய்ந்துவிடும், மெல்லிசு போட்டால் உதடு சொன்னபடி கேட்கும், அது அவர் கணக்கு.

பெரியவர் சொன்னதும் பொய்யில்லை. மேல் ஸ்தாயியில் அந்தக் கூட்டு பேயாய்ப் பிடிவாதம் பிடித்தது. கிளாரினெட்டே ஏற்கனவே ஒரு வம்பு வாத்தியம். நாகஸ்வரத்தில் கீழே வைக்கிற விரல்தான் மேலும், மூச்சை அழுத்தினால் அதே ஸ்வரம் அடுத்த ஸ்தாயியில் பேசும். கிளாரினெட்டில் கீழ் ஸட்ஜமத்தைப் பிடித்தபடி மேலே தாவினால் வருவது மேல் பஞ்சமம். ஆகவே இரண்டு ஸ்தாயிக்கும் இரண்டு விரல் பாடம். தாத்தாவுக்கு இது சொல்லச் சொல்லப் புரையேறும். "ஏண்டா, ஒரே வீட்டுக்கு ரெண்டு வாசல் வச்சா எந்த வாசல்ல கோலம் போடறது?"

அந்தக் கோடை முழுதும் ரீடு தேற்றும் வேலைதான். புதிய ரீடை ஒரேயடியாக வாசித்துவிடக் கூடாது, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எச்சிலுக்கும் மூச்சுக்கும் பழக்க வேண்டும். விறைப்பு தெரிந்தால் பராய் இலையைத் தேடி என்னை அனுப்புவார். திருப்பராய்த்துறைக் கோயிலின் தல மரம் அது, சொரசொரப்பான இலை, உப்புத்தாளுக்கு அண்ணன். அதில் இரண்டு இழுப்பு இழுத்தால் ரீடு இளகும். அதிகம் இளகிவிட்டால் நுனியில் மயிரிழை கத்தரிக்க வேண்டும், கத்தரித்தால் மறுபடி விறைக்கும் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். கத்தரிக்க மனமில்லாத நாளில் நூலைத் தளர்த்தி ரீடை ஒரு நூலளவு மேலே தள்ளிக் கட்டிப் பார்ப்பார்.

அடையாளத்துக்கு காப்பியிங் பென்சிலால் அவர் எண் போட, நான் பேர் வைத்தேன். கோபக்காரி எடுத்ததும் கத்துவாள். சாமியார் என்ன ஊதினாலும் பேசாது. மூக்கடைத்த குரலில், ஆனால் கீழ் ஸ்தாயியில் நெஞ்சைத் தொடுகிற ஒரு தடிமனோடு பேசியதற்கு 'சளி' என்று பேர். மாமா கொல்லையில் வாசிப்பார், நான் மாட்டுக்கொட்டகையைத் தாண்டி, வைக்கோல்போர் பின்னால் நின்று, எது என்று கத்த வேண்டும். பக்கத்தில் கேட்டால் எல்லா ரீடும் நல்ல ரீடு, பத்தாவது வரிசையில் உட்கார்ந்தவன்தான் காசு கொடுக்கிறான் என்பார். "சளி!" என்று நான் கத்த, அடுத்த வீட்டு அத்தை யாருக்கு என்று கவலையோடு எட்டிப் பார்த்ததும் உண்டு.

தாத்தாவும் சும்மா இருக்கவில்லை. நம் ஆற்றங்கரைக் கொறுக்கைக்கு என்ன கேடு என்று ஒருநாள் அவரே ஒரு தட்டையை வெட்டி, காயவைத்து, சீவாளிக் கத்தியால் மாமாவின் ரீடு அளவுக்குச் சீவிக் கொடுத்தார். தட்டையின் சுவர் மெல்லிசு, அடி கனம் வரவில்லை, ஊதினால் ஆட்டுக்குட்டி. மாமா அதை ரொம்ப மரியாதையாக ஊதினார், இரண்டு தடவை. தாத்தா எழுந்து போய்விட்டார். ஆனால் அதற்குப் பிறகு மாமா ரீடு தேய்க்கும்போது தாத்தா திண்ணையின் மறு ஓரத்தில் வந்து உட்காருவார், பார்க்காத மாதிரி பார்ப்பார், "இடப்பக்கம் கனமா இருக்குடா" என்று காற்றிடம் சொல்வார். சரியாகத்தான் இருக்கும்.

ஆவணியில் லால்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். காலையில் முகூர்த்தத்துக்கு தாத்தாவின் மேளம், ராத்திரி வரவேற்பில் மாமா. நான் பட்டுப்பாவாடையில் தவில்காரர் பக்கத்தில் பன்னீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபக்காரிதான் அன்றைக்கு ஏறியிருந்தாள், கூட்டத்தின் இரைச்சலைத் தாண்ட வேண்டுமே என்று. வர்ணம் முடிந்தது, கீர்த்தனையும் ஒன்று ஆனது, மாமா தோடியைத் தொடத் தயாராகிறார், கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். தாத்தா முன்வரிசையில் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, எழுந்து மேடைக்கு அருகில் வந்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "டேய், தோடிக்கு இவ வேண்டாம்டா. அந்தச் சளியை எடுத்துக் கட்டு."