வெளியே நின்ற மூத்த மகன்

இரயில்வே சந்திப்பு ஒன்றை அடுத்த பங்கிற்கு நான் மாற்றலாகி வந்த புதிது. ஜூலை மாதத்து மாலை ஒன்றில், திருப்பலி முடிந்து பங்கு இல்லத்தின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். முதியவர் ஒருவர் தம் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு படியேறி வந்தார். ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். ஞாயிறு காலை ஆங்கிலத் திருப்பலியில் முதல் வரிசைக்கு அடுத்த வரிசையில் தவறாமல் அமர்கிறவர்கள்.

"ஃபாதர், ஆகஸ்டு 2 எங்கள் சமூகத்தின் நாள். அதை ஒட்டிய சனிக்கிழமை மாலை பங்கு மண்டபத்தைத் தருவீர்களா? முன்பெல்லாம் எங்கள் கிளப்பிலேயே ஆடுவோம். இப்போது அந்தக் கூரை ஒழுகுகிறது. வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், பிறகு சாப்பாடு. பத்து மணிக்குள் முடித்துவிடுவோம்" என்றார்.

அருகில் நின்ற அம்மையார் எதுவும் பேசவில்லை. நோயினால் வெளிறிய முகம். ஆனால் 'வால்ட்ஸ்' என்ற சொல்லைக் கணவர் உச்சரித்தபோது அந்த முகத்தில் ஓர் ஒளி வந்து போனதைக் கண்டேன்.

நான் சொன்ன பதில் இதுதான்: "மண்டபத்துக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். அடுத்த ஆண்டு பார்ப்போம்."

அது பொய். வெள்ளையடிக்கும் எண்ணம் எனக்கும் இல்லை, பங்குப் பேரவைக்கும் இல்லை. ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடுவதற்குக் கோயில் மண்டபத்தைக் கொடுத்தார் புதிய சாமியார் என்று ஊர் பேசுமே என்ற அச்சந்தான் என்னை அப்படிச் சொல்லவைத்தது. முதியவர் தலையசைத்து, "பரவாயில்லை ஃபாதர், அடுத்த ஆண்டு" என்று கூறி, மனைவியை மெல்லத் திருப்பி அழைத்துச் சென்றார். படியிறங்கும்போது அவர் இடக்கால் முன்வைக்க, அம்மையார் அதற்கு இசைந்து அடிவைத்த பாங்கு இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இந்த மக்களைப் பற்றி நம்மவருள் பலருக்கு அதிகம் தெரியாது. தந்தைவழியில் ஐரோப்பிய மரபினராய், இந்திய மண்ணிலே பிறந்து வாழ்கிறவர்கள் எனச் சட்டம் இவர்களை வரையறுக்கிறது. பொன்மலை, பெரம்பூர், அரக்கோணம், சோலையார்பேட்டை, போத்தனூர் என்று தண்டவாளம் சென்ற இடமெல்லாம் இவர்களும் சென்றார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1928ஆம் ஆண்டளவில் பொன்மலைக்கு வந்தபோது, குடியிருப்போடு கோயிலும் பள்ளியும் பொழுதுபோக்கு மன்றமும் சேர்ந்தே வளர்ந்தன. அந்த மன்றங்களின் மரத்தளங்களில் ஆடாத கால்கள் அந்தத் தலைமுறையில் அரிது.

பின்னர்க் காலம் மாறியது. இரயில்வே, சுங்கம், தபால் தந்தித் துறைகளில் இவர்களுக்கிருந்த ஒதுக்கீட்டை அரசியலமைப்பின் 336ஆம் பிரிவு இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு வீதம் குறைத்துப் பத்தாண்டுகளில் முடித்துவைத்தது. பிள்ளைகள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறினர். மக்களவையிலும் சட்டமன்றத்திலும் இருந்த நியமன இடங்களும் 2020 ஜனவரியோடு முற்றுப்பெற்றன. என் பங்கில் எஞ்சியிருந்தவை பதினான்கு குடும்பங்கள். அவர்களிடம் மிச்சமிருந்தவை நம்பிக்கை, சமையல், நடனம் என்னும் மூன்றுமே என்பதை நான் காலந்தாழ்த்தியே அறிந்தேன்.

அடுத்து வந்த தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் அந்த அம்மையாருக்கு நோயில்பூசுதல் அளிக்க அழைப்பு வந்தது. இரவு பதினோரு மணி. சிறிய ஓட்டு வீடு. சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம். அதன் கீழே, நீண்ட வெள்ளைக் கவுனில் இளம்பெண் ஒருத்தியும் கோட்டு அணிந்த இளைஞர் ஒருவரும் ஆடுகின்ற பழைய புகைப்படம். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி மன்றாட்டை முடித்தேன். முதியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஃபாதர், நான் சிறுவனாயிருந்தபோது பாதங்களிலும் பூசுவார்களே?"

உண்மைதான். 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இச்சடங்கைச் சீரமைக்கும்வரை கண், காது, மூக்கு, வாய், கை, கால் என ஒவ்வொரு புலனிலும் பூசி, அதன் வழியாகச் செய்த பாவங்களுக்கு மன்னிப்பு வேண்டுவது வழக்கம். இப்போது நெற்றியும் கைகளும் போதும் என்று விளக்கினேன்.

"சரி ஃபாதர். அவளுடைய கால்கள் நிறைய ஆடியிருக்கின்றன, அதனால் கேட்டேன்" என்றார். பிறகு, குற்றஞ்சாட்டும் தொனி சிறிதுமின்றி, "போன ஆகஸ்டில் இன்னும் ஒரு தடவை ஆட ஆசைப்பட்டாள்" என்று சேர்த்துக்கொண்டார்.

விடியுமுன் அம்மையார் இறந்துபோனார். அந்தக் கால்கள் என்ன பாவம் செய்தன? அன்றிரவு மன்னிப்பு வேண்டியது அவற்றுக்கன்று. பொய் உரைத்த என் நாவுக்குத்தான். புனித வாரத்தில் உடன்குரு ஒருவரிடம் ஒப்புரவு அருளடையாளம் பெற்றபோது அந்த வெள்ளையடிப்பைத்தான் முதலில் சொன்னேன்.

மறு ஆண்டு ஜூலையில் அவர்கள் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. பங்குப் பேரவைக் கூட்டத்தில் நானே பேச்சை எடுத்தேன். எதிர்ப்பு வருமென்று தெரியும், வந்தது. "சாமி, இது கோயிலா, கிளப்பா?" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மாதர் சங்கத் தலைவி எழுந்து, "வளர்ந்த பிள்ளைகளை வைத்திருக்கிறோம் சாமி. நாளை அவர்களும் இதைத்தானே கேட்பார்கள்?" என்றார். இவை ஒதுக்கிவிடத்தக்க கேள்விகள் அல்ல. திரு அவையின் மரபிலும் இந்த அச்சம் உண்டு. பங்குத்தந்தையரின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னி 1818இல் ஆர்ஸ் ஊருக்கு வந்தபின், ஆண்டுக்கணக்காக நடனத்துக்கு எதிராகவே முழங்கினார். ஏரோதியாவின் மகள் ஆடிய ஆட்டம் திருமுழுக்கு யோவானின் தலையில் முடிந்ததையும் நற்செய்தி மறைக்கவில்லை.

ஆயினும் மரபு அந்த ஒரு குரலோடு முடிந்துவிடவில்லை. புனித பிரான்சிஸ் சலேசியார் 1609இல் பொதுநிலையினரின் பக்தி வாழ்வுக்காக வெளியிட்ட நூலில், நடனம் தன்னியல்பில் நன்றுமன்று, தீதுமன்று என்கிறார். அதைக் காளானுக்கு ஒப்பிட்டு, சிறந்ததுகூட அவ்வளவு சிறந்ததன்று என்று எச்சரித்துவிட்டு, ஆட நேர்ந்தால் அளவோடும் அடக்கத்தோடும் ஆடுக என அனுமதியும் தருகிறார். கடல் கடந்ததும் மிரியாம் கஞ்சிராவோடு ஆடினார் (விப 15:20). பேழையின் முன் தாவீது தம் முழு வலிமையோடு ஆடியபோது, பலகணி வழியே பார்த்த மீக்கால் உள்ளத்தில் அவரை இகழ்ந்தார் (2 சாமு 6:16). பலகணிக்குப் பின்னால் நிற்பவருக்கு ஆட்டம் எப்போதும் அருவருப்பாகவே தெரியும் போலும்!

வால்ட்ஸுக்கும் இதே கதைதான். ஆஸ்திரிய, பவேரியக் கிராமத்து ஆட்டங்களிலிருந்து பிறந்து நகரங்களைப் பிடித்த இந்த நடனம் 1816இல் இலண்டன் அரசவை விருந்தில் இடம்பெற்றபோது, 'தி டைம்ஸ்' நாளேடு அது நாணங்கெட்ட அந்நியச் சரக்கு என்று கண்டித்து எழுதியது. ஒரு நூற்றாண்டுக்குள் அதுவே பெரியவர்களின் கண்ணியமான ஆட்டமாகிவிட்டது. நமக்கும் கைகோத்து ஆடுதல் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை, குன்றக் குரவை என இரு பகுதிகளே உள்ளன. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நம் பெண்கள் கும்மியடிப்பதை யாரும் தடுப்பதில்லையே!

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தபின், "கடந்த ஆண்டு நான் வெள்ளையடிப்பதாகச் சொன்னது பொய்" என்பதையும் பேரவையில் ஒப்புக்கொண்டேன். நீண்ட மௌனம். விவிலியச் சான்றுகள் அசைக்காத ஆசிரியரை அந்த ஒரு வாக்கியம் அசைத்தது. மது கூடாது, பத்து மணிக்குள் முடியவேண்டும், யாரும் வந்து பார்க்கலாம் என்ற மூன்று நிபந்தனைகளோடு இசைவு கிடைத்தது. "நானே வந்து பார்ப்பேன்" என்றார் மாதர் சங்கத் தலைவி.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. சிமெண்டுத் தளத்தில் கால் வழுக்கிச் செல்வதற்காக முகப்பவுடரைத் தூவினார்கள். ஒரு கிதார், ஒரு கீபோர்டு, ஒரு பழைய டிரம். ஓரமாய் நீண்ட மேசையில் தேங்காய்ப்பாலில் வடித்த மஞ்சள் சோறு, காரமான செந்நிறச் சட்னி, 'பால் கறி'. பாலில் செய்த கறியோ என்று உபதேசியார் என்னிடம் கிசுகிசுத்தார். பந்துபோல் உருட்டிய கொத்துக்கறி உருண்டைகளின் குழம்பு அது என்று அறிந்தபின் அவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

வால்ட்ஸ் மூன்று எண்ணிக்கைக்குள் அடங்குவது. முதல் அடி அழுத்தமானது. அடுத்த இரண்டும் மென்மையானவை. நம் திசிர நடையை அறிந்தவர் உடனே தொடையில் தட்டத் தொடங்கிவிடுவார். மெதுவான வால்ட்ஸில் நிமிடத்துக்கு இத்தகைய மும்மைகள் ஏறத்தாழ 30. வியன்னா வால்ட்ஸில் அதைப்போல் இருமடங்கு. ஆண் இடக்காலை முன்வைத்தால் பெண் வலக்காலைப் பின்வைக்கிறார். இணைகள் தாமும் சுழன்று, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மண்டபத்தையும் சுற்றிவருகிறார்கள். எதிரே வருவோர் இல்லாததால் இடிபடுவதில்லை.

நான் கண்டு வியந்தது வேறொன்று. அங்கே யாரும் உட்கார்ந்தே இருக்க அனுமதிக்கப்படவில்லை. பேரன் பாட்டியை அழைத்தான். தந்தை மகளை அழைத்தார். திருமணமாகாமல் முதுமையடைந்த அம்மையார் ஒருவரிடம், பள்ளியிறுதி வகுப்பு மாணவன் குனிந்து கைநீட்டி இசைவு கேட்டான். தனித்திருப்பவரைத் தேடிச் சென்று அழைப்பது அவர்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடமாம். அன்பியக் கூட்டங்களில் நாம் ஆண்டுக்கணக்காகப் பேசிவருவதும் இதைத்தானே!

குருமடத்தில் மூவொரு இறைவனைப் பற்றிப் படித்தபோது 'பெரிகோரேசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லைக் கற்றோம். எட்டாம் நூற்றாண்டில் தமஸ்கு நகர யோவான், மூன்று இறையாட்களும் ஒருவர் மற்றவருள் உறைவதைக் குறிக்க ஆண்ட சொல். இது நடனத்தைக் குறிக்கும் சொல் என்று மறையுரைகளில் சிலர் சொல்வதுண்டு. சொல்லிலக்கணப்படி அது சரியன்று. அதன் வேர் இடங்கொடுத்தல், சென்று சேர்தல் என்னும் பொருளது. ஆனால் அன்று மண்டபத்தின் வாயிலில் நின்றபோது, பிழையாகச் சொல்பவர்களும் உண்மைக்கு வெகுதொலைவில் இல்லை என்று தோன்றியது. ஒருவர் முன்வைக்கும் அடிக்கு மற்றவர் பின்வாங்கி இடங்கொடுக்காவிட்டால் வால்ட்ஸே இல்லை. இடங்கொடுத்தலும் ஆடலும் அங்கே ஒன்றாயிருந்தன.

ஒன்பதே முக்கால் மணிக்குக் கடைசி வால்ட்ஸ் அறிவிக்கப்பட்டது. அதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஆடுவது அவர்களது வழக்கம். அதுவரை பேத்தியோடும் அண்டை வீட்டாரோடும் ஆடிக்கொண்டிருந்த முதியவர், மெல்ல நடந்து சுவரோரம் அமர்ந்தார். பக்கத்து நாற்காலி காலியாயிருந்தது. அவருடைய கை மட்டும் முழங்காலின்மேல் ஒன்று, இரண்டு, மூன்று எனத் தட்டிக்கொண்டிருந்தது. என்னால் பார்க்க இயலவில்லை.

அப்போது, மாலை முழுதும் வாயிலருகே கண்காணிப்பாளர்போல் அமர்ந்திருந்த மாதர் சங்கத் தலைவி எழுந்தார். அவரும் கணவரை இழந்தவர். முந்தானையைச் சரிசெய்துகொண்டு மண்டபத்தின் ஓரமாகவே நடந்து சென்று, அந்தக் காலி நாற்காலியில் அமர்ந்தார். ஒன்றும் பேசவில்லை. இசை முடியும்வரை இருவரும் ஆடுபவர்களையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில், வயலிலிருந்து திரும்பிய மூத்த மகன் வீட்டினுள் ஆடல் பாடலின் ஒலியைக் கேட்டு, உள்ளே போக மறுத்து வெளியே நிற்கிறான். எத்தனையோ முறை மறையுரையாற்றிய பகுதி. ஒவ்வொரு முறையும் அவன் யாரோ ஒருவன் என்றே பேசி வந்திருக்கிறேன். தீயவற்றிலிருந்து மந்தையைக் காப்பது மேய்ப்பனின் கடமையே. ஆனால் மந்தையின் ஒரு பகுதி மகிழ்வதை அஞ்சிக் கதவை அடைத்துவிட்டு, அதற்குக் காவல் என்று பெயரிடுவது எளிது. கதவு திறந்தபோது உள்ளே வரவேண்டியவர் ஒருவர் கல்லறைக்குப் போய்விட்டார். அந்தக் கணக்கை இவ்வுலகில் என்னால் நேர்செய்ய முடியாது. தந்தையின் வீட்டில் விருந்து முடிந்துவிடவில்லை என்ற நம்பிக்கையோடு, ஒவ்வொரு நாளும் திருப்பலியில் இறந்தோருக்கான மன்றாட்டின்போது அவரை நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. மறைக்கல்விக்கு வந்த சிறுவர்கள் மண்டபத்தில் மிச்சமிருந்த பவுடரில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதட்டலாமென்று போனவன், வாயிலிலேயே நின்று சற்றுநேரம் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

மண்டபத்துக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை.