கழுத்தைக் கவனியுங்கள்

எங்கள் ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் வேலை செய்கிற பலருக்குத் திரவ நைட்ரஜன் பழக்கமானது. அலுமினியக் குடுவை, மேலே தளர்வான மூடி, திறந்தால் வெள்ளைப் புகை. அந்தக் கைப்பழக்கத்தோடு யாராவது திரவ ஹீலியம் டேங்க்கைத் தொட வந்தால் நான் குறுக்கே போய் நின்றுவிடுவேன்.

நைட்ரஜன் கொதிப்பது மைனஸ் 196 டிகிரியில். ஹீலியம் மைனஸ் 269. அந்தக் குளிரில் காற்றே கல்லாக உறைந்துபோகும். நைட்ரஜன் குடுவையைத் திறந்து வைத்தால் கொஞ்சம் ஆவியாகும், அவ்வளவுதான். ஹீலியம் டேங்க்கின் வாயைத் திறந்து விட்டால் வெளிக்காற்று உள்ளே இறங்கிக் கழுத்திலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். கீழே திரவம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வெளியேற வழி இருக்காது.

ஆய்வுக்கூடங்களுக்குக் கொண்டுபோகும் டேங்க்கைப் பெங்களூரில் ஏற்றி, அத்திப்பள்ளி, ஜூஜூவாடி தாண்டி ஓசூர். அங்கிருந்து சூளகிரி, மேலுமலை வழியாகக் கிருஷ்ணகிரி. இதுதான் என் வழக்கமான பாதை. கார் ஓட்டுகிறவர் கவனிக்காத ஒன்றை இந்தப் பாதையில் டேங்க் உணரும். பெங்களூரு கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே. கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டி. கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடிக்கொண்டே வரும், கிட்டத்தட்ட நூற்றுக்கு ஐந்து பங்கு. ஓசூரில் யாராவது வால்வைத் திறந்து அழுத்தத்தைப் பூஜ்யமாக்கி அனுப்பினால், கிருஷ்ணகிரி போய்ச் சேரும்போது டேங்க்குக்குள் வெளியைவிட அழுத்தம் குறைந்திருக்கக்கூடும். அப்போது அது காற்றை உள்ளே இழுக்கும். அதனால்தான் ஒரு பிஎஸ்ஐ அளவில் திறக்கும் சிறிய பாதுகாப்பு வால்வை மட்டும் வேலை செய்யவிட்டு, மற்றதை மூடி, கேஜில் முள் கொஞ்சம் ஏறி நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டியை எடுக்கச் சொல்வேன். "எடுக்கலாமாண்ணே?" என்று டிரைவர் தம்பி கேட்பதே அந்த முள்ளைப் பற்றித்தான்.

ஒருமுறை ஓர் ஆய்வுக்கூடத்தில் மாலையில் இறக்கி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை போனால் வால்வு திறந்து கிடக்கிறது. "ராத்திரி பிரஷர் ஏறிடக் கூடாதுன்னுதான் சார் திறந்து வெச்சேன்" என்றார் உதவியாளர். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். கேஜ் பூஜ்யம் காட்டியதால் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். அடைப்பு இருந்ததோ கேஜுக்குக் கீழே. அளவுக்குச்சியை விட்டுப் பார்த்தேன். ஒரு சாண் இறங்கியதும் கல்லில் இடித்த மாதிரி நின்றது. அறையில் இருந்தவர்களை வெளியே அனுப்பி, பயிற்சி பெற்றவரை வரவழைத்து, மெல்லிய செம்புக் குழாய் வழியே சூடான ஹீலியம் வாயுவைச் செலுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தோம். அன்றிலிருந்து கையெழுத்து வாங்குவதற்கு முன் வால்வைக் காட்டி விளக்காமல் நான் எந்த இடத்தையும் விட்டுக் கிளம்பியதில்லை.

கழுத்துக்கு இன்னொரு பாரமும் உண்டு. உள்ளே இருக்கும் பாத்திரம் வெளிச்சுவரைத் தொடாமல், வெற்றிடத்தின் நடுவே, பெரும்பாலும் கழுத்துக் குழாயிலேயே தொங்குகிறது. வேகத்தடையில் தூக்கிப் போட்டாலும், லிஃப்ட் வாசல் இடுக்கில் சக்கரம் சிக்கிக் குலுங்கினாலும் அடி விழுவது அங்கேதான். டேங்க்கைச் சாய்க்கக் கூடாது, படுக்கவைக்கவே கூடாது.

லிஃப்டில் டேங்க் தனியாகத்தான் போக வேண்டும். ஒருவர் கீழே ஏற்றிவிட, மற்றவர் படியேறிப் போய் மேலே வாங்கிக்கொள்வார். ஏனென்றால், ஒரு லிட்டர் திரவம் சுமார் 750 லிட்டர் வாயுவாகும். 100 லிட்டர் டேங்க் முழுதும் கொட்டினால் 75,000 லிட்டர். பத்துக்குப் பதினைந்து அடி அறையில், கூரை பத்தடி என்றால், இருக்கிற காற்றே சுமார் 42,000 லிட்டர்தான். ஹீலியத்துக்கு மணமில்லை, நிறமில்லை, மூச்சுத் திணறுகிற உணர்வும் வராது. ஆள் அப்படியே சுருண்டு விழுந்துவிடுவார். அது மேலே சேர்கிற வாயு என்பதால் கூரையோரத் திறப்புகளை அடைத்து வைக்கக் கூடாது.

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்தது அளவு பார்ப்பது. அளவுக்குச்சி என்பது மெல்லிய எஃகுக் குழாய், தலையில் ரப்பர் சவ்வு. கையுறை போட்டு, அவசரப்படாமல் இறக்கிச் சவ்வில் கட்டைவிரலை வைத்தால் துடிப்பு தெரியும். நுனி திரவத்தில் இருக்கும்வரை துடிப்பு நிதானமாக இருக்கும். மேலே தூக்கி, திரவ மட்டத்தைத் தாண்டிய கணம் படபடவென்று மாறும். நாடி பிடிக்கிற மாதிரிதான். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த மாற்றம் விரலில் படும்போது உடம்பு சிலிர்க்கிறது.

உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு டேங்க் வந்தால், கொண்டுவந்தவர் கிளம்புவதற்கு முன் அவரைக் கழுத்தருகே நிறுத்திக் கேளுங்கள்: எந்த வால்வு திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும், முள் எங்கே நிற்க வேண்டும். அவர் சொன்னதை எழுதி டேங்க்கிலேயே ஒட்டிவிடுங்கள். இரவுப் பணிக்கு வருகிறவரிடமும் அதைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.