நாணம் நாவைக் கட்டலாமா?

நாணத்தை ஈமானின் கிளையாகப் போற்றும் சமுதாயம் நாம். ஆயினும், பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆகவேண்டியதையும் சொல்லவிடாமல் அது நம் நாவைக் கட்டலாமா?

பர்லியாரில், மலைப்பாதையோரம் பழக்கடை நடத்தும் என் நாத்தனார் வீட்டிற்குச் சென்றிருந்தேன். மங்குஸ்தான் பருவமாதலால் பகலெல்லாம் கடையில் வேலை. பத்து வயது மகளோ கைப்பேசியும் தனிமையுமாக வீட்டில். “இவளிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது மச்சி?” என்று கலங்கினார் நாத்தனார்.

அதே கைப்பேசியில் ‘கோமல்’ என்னும் கார்ட்டூன் குறும்படத்தைக் காட்டினேன். சைல்டுலைன் அமைப்புக்காகத் தயாரிக்கப்பட்டது. வீட்டிற்குப் பழகியவரே சிறுமியிடம் எல்லை மீறுவதையும், பிறர் தொடக்கூடாத இடங்களையும் கண்ணியமாக விளக்குகிறது. முதலில் தாய் தனியே பார்த்தார். பிறகு மகளை அருகில் அமர்த்திக்கொண்டார். படம் முடிந்ததும் சிறுமி கேட்டாள்: “நான் சொன்னால் திட்டமாட்டீங்களே, உம்மா?”

அந்தக் கேள்விக்குப் படம் பதில் தராது, பெற்றோர்தாம் தரவேண்டும்.

மார்க்கமும் இதில் மௌனம் காக்கவில்லை. பருவமெய்தாத பிள்ளைகளும் மூன்று வேளைகளில் அனுமதி பெற்றே பெற்றோரின் அறைக்குள் நுழையவேண்டுமென அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனம் கற்பிக்கிறது. உம்மு சுலைம் (ரலி) அவர்கள் குளிப்புக் கடமை பற்றிய ஐயத்தை நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டுத் தெளிந்தார்கள்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், 1098 என்ற உதவி எண்ணும் இருக்கின்றன. இத்தகைய படங்களை ஜமாஅத்துகள் தாய்மார்களுக்கும் தந்தையருக்கும் தனித்தனியே காட்டலாமே!