வெண்கலப் பதக்கமும் திருமணப் பதிவேடும்

விழுப்புரம் சந்திப்பில் இறங்குவோரில் பலர் அவ்வூரில் தங்குவதில்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெரும்பாதையும், 1879ஆம் ஆண்டு முதல் புதுச்சேரிக்குச் செல்லும் கிளைப்பாதையும், திருவண்ணாமலை வழியே காட்பாடிக்குச் செல்லும் பாதையும் கூடுமிடம் அது. வண்டி மாறிப் போய்விடுவர். அங்கிருந்து சாலை வழியாக வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் திண்டிவனம். புளியங்காடு எனப் பொருள்படும் திந்திரிணிவனம் என்பதே அப்பெயரின் மூலம் என்பர். இடையே விக்கிரவாண்டி, மயிலத்துக்குத் திரும்பும் வழி, ஏரிகள், பனைகள், இம்மக்கள் மல்லாட்டை என்றழைக்கும் வேர்க்கடலை விளையும் கொல்லைகள். பார்வைக்கு அமைதியான நிலம். ஆயினும் மேற்கே செஞ்சிக்கோட்டை, கிழக்கே கோட்டை சுமந்த பெருமுக்கல் குன்று, வடக்கே 1760இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்ற வந்தவாசி என, இதனைச் சுற்றிலும் போரின் தடங்களே.

அப்போர்களைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நாம் இங்கு எழுத முற்படுவது, இவ்வூர்களிலிருந்து கடல் கடந்து சென்று திரும்பாதவர்களைப் பற்றி. 1914இல் தொடங்கிய முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 14 இலட்சம் பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் துப்பாக்கி ஏந்தாதவர்கள்: சுமை தூக்கியோர், சாலை போட்டோர், சமைத்தோர், கழுதை மேய்த்தோர். வேலூர் நீண்ட கடைத்தெருவின் மணிக்கூண்டில் ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கிறது. அவ்வூரிலிருந்து 277 பேர் பெரும் போருக்குச் சென்றனர் என்றும், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தனர் என்றும் அது கூறுகிறது. எண்ணிக்கை உண்டு, ஒரு பெயர்கூட இல்லை.

எண்பதை எட்டும் மூதாட்டி ஒருவர், தம் மகனோடு நம்மிடம் ஒரு பதக்கத்தைக் கொண்டுவந்தார். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர் அவர்களுடையது. ஊரையும் பங்கையும் பெயர் சுட்டாது விடுகிறோம். தம் தந்தையைப் பெற்ற தாத்தா பட்டாளத்தில் இறந்தார் என்பதும், அப்போது தந்தை கைக்குழந்தை என்பதும் மட்டுமே அவர் அறிந்தவை. "எங்க ஆயா கடைசி வரைக்கும் அவரு வருவாருன்னு வாசல்லியே காத்துக்கிட்டு இருந்தாங்களாம், சாமி. செத்த தேதி தெரியாததால ஒரு பூசைகூட வைக்க முடியல" என்றார். கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் மெழுகுதிரி ஏற்ற, இக்குடும்பத்தார்க்கு ஏற்றுதற்கு ஒரு கல்லறை இல்லை.

பதக்கத்தின் ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். மறுபுறம் குதிரை மேல் ஒரு வீரர், 1914, 1918 என்னும் ஆண்டுகள். அவ்வீரரைச் சந்தியாகப்பர் என்றெண்ணி இவர்கள் மூன்று தலைமுறையாகச் சுரூபங்களோடு வைத்திருந்தனர். உண்மையில் அது புனித ஜார்ஜியாரின் உருவம். சிற்பி அவருக்கு ஆடை அணிவிக்க மறந்துவிட்டார் என்பதை நாம் எடுத்துரைக்கவில்லை. நம் கண் சென்றது அதன் உலோகத்தின் மேல். இப்பதக்கம் போர்வீரர்க்கு வெள்ளியிலும், தொழிலாளர் படையினர், சுமை தூக்குவோர் போன்றோர்க்கு வெண்கலத்திலும் வழங்கப்பட்டது. இது வெண்கலம். விளிம்பைத் துடைத்துப் பார்த்தால் எண், பெயர், தொழிலாளர் படை என்னும் பொறிப்பு; பதவிக்குரிய இடத்தில் 'கூலி' என்னும் நம் சொல்லே ஆங்கில எழுத்தில். மகனின் முகம் வாடியது. தாத்தா துப்பாக்கி பிடித்தவர் என்றே அவர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறார். கொதிக்கும் மணலில் இரும்புத் தண்டவாளம் சுமந்தவன் துப்பாக்கி பிடித்தவனுக்கு எவ்வகையில் தாழ்ந்தவன் என்பது நமக்கு விளங்கவில்லை. அவனில்லாமல் எந்தப் படையும் ஒரு காதம் நகர்ந்திராது.

இத்தகைய பதக்கம் வீட்டிலிருந்தால் அதனைப் பாத்திரக்காரரிடம் போட்டுவிட வேண்டாம் என வாசகர்களை வேண்டுகிறோம். விளிம்பிலுள்ள எண்ணே தேடலின் திறவுகோல். அதன்பின் 1917இல் நிறுவப்பட்ட போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலை நாடலாம். இரு உலகப் போர்களிலும் மாண்ட ஏறத்தாழ 17 இலட்சம் பேரை அது நினைவுகூர்கிறது. இன்று கணினி வழியே எவரும் தேடலாம். தேடும்போது விழுப்புரம் மாவட்டம் என்று தேடிப் பயனில்லை. இம்மாவட்டம் 1993இல்தான் பிறந்தது. பழைய ஏடுகளில் தென்னார்க்காடு என்றே இருக்கும். பஞ்சாபியர்க்கு வாய்த்த நற்பேறு ஒன்றுண்டு: 1919இல் ஊர்வாரியாக எழுதப்பட்டு இலாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த ஏடுகளிலிருந்து ஏறத்தாழ 3,20,000 பேரின் விவரங்கள் 2021இல் வெளியாயின. சென்னை மாகாணத்தார்க்கு வழி சற்று நீளம். சுரங்கப் பொறியாளர் படையில் இருந்தவராயின் பெங்களூரிலும், சென்னைக் காலாட்படையினராயின் வெலிங்டனிலும் உள்ள பதிவு அலுவலகங்களுக்கு எழுத வேண்டும். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் படைக்குச் சென்றவராயின் வேலை எளிது. பிரான்சு தனக்காக மாண்ட 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் அட்டைகளை 2003 முதல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துள்ளது. பிறந்த ஊர், இறந்த இடம், இறந்த விதம் அனைத்தும் அவற்றில் உண்டு. புதுச்சேரிக் கடற்கரையில் 1938இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னம் அவர்களுக்குரியது.

நம் மூதாட்டியின் தாத்தா சென்றது மெசபொத்தேமியா, அதாவது இன்றைய ஈராக்கு. அங்கே பாஸ்ராவில் 1929இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னம் கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோர்க்கு உரியது. அதன் சுவரில் ஆங்கிலேய வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியரில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே. ஏனையோர் படைப்பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கை ஆயினர். ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என ஒப்புக்கொண்டது. இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவையும் மத்திய கிழக்கையும் சேர்ந்த போர்முனைகளில் மாண்டவர்கள். நாம் தேடியவரின் பெயரும் பட்டியலில் அகப்படவில்லை.

அப்போதுதான் குருமடத்தில் கற்ற திருமணச் சட்டம் நினைவுக்கு வந்தது. கணவன் ஊர் திரும்பவில்லை என்பது மட்டும் கைம்பெண்ணின் மறுமணத்துக்குப் போதாது. இறப்பு உறுதிப்பட வேண்டும். எத்துணை ஆண்டுகள் காணாமற் போயிருந்தாலும் அது மட்டும் சான்றாகாது என்றும், பங்கு, மருத்துவமனை, படை ஆகியவற்றின் ஏடுகளைத் தேடுக, அவை இல்லையேல் நம்பத்தக்க சாட்சிகளை விசாரிக்க என்றும் 1868இலேயே உரோமை அறிவுரை வழங்கியிருந்தது. போரில் கணவனை இழந்த இளம்பெண் மறுமணம் செய்திருந்தால், அக்காலப் பங்குக் குரு இச்சான்றை எழுதியே ஆக வேண்டும். ஆகவே இறப்புப் பதிவேட்டை விடுத்துத் திருமணப் பதிவேட்டை எடுத்தோம்.

பாரீசு வேதபோதக சபைக் குருக்களின் ஏடுகளைப் படிப்பது தனிக்கலை. மொழி இலத்தீன், ஊர்ப்பெயர்கள் பிரெஞ்சு உச்சரிப்பில். இராயப்பன் அங்கே பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசையப்பன் யோசேபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். அதே மனிதரைப் பட்டாளத்து எழுத்தர் வீட்டில் வழங்கிய பெயரால் தமக்குத் தோன்றியவாறு ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். இவ்விரண்டும் ஒருவரே என நிறுவுதற்குத் தந்தை பெயரும் ஊரும் மனைவி பெயரும் பொருந்த வேண்டும். மூன்று மாலைகள் சென்றன. கரையான் தின்ற ஓரங்களுக்கு இடையே, 1920ஆம் ஆண்டின் பக்கமொன்றில் ஆயாவின் பெயர் இருந்தது: முதற்கணவன் மெசபொத்தேமியாவில் காய்ச்சலால் இறந்ததைப் படை அலுவலகத்தின் கடிதமும் உடன் சென்று திரும்பிய இருவரின் சாட்சியமும் உறுதிப்படுத்துகின்றன என்னும் குறிப்போடு. இறந்த நாளும் மாதமும்கூட அங்கே இருந்தன. அரசுகள் தொலைத்துவிட்ட ஒருவரை, பெயரறியா ஒரு குரு நான்கு வரிகளில் காத்து வைத்திருந்தார்.

ஆனால் அந்த ஏடு மற்றொன்றையும் சொல்லிற்று. கடைசி வரை வாசலில் காத்திருந்ததாகக் குடும்பம் போற்றிய ஆயா, அன்று மறுமணம் செய்துகொண்டார். நாளை மட்டும் சொல்லி மற்றதை மறைத்துவிடலாமா என ஓரிரவு எண்ணினோம். மணவாழ்வில் தவறேதும் இல்லாதபோது மறைப்பதற்கு என்ன இருக்கிறது எனத் தெளிந்து, தாயையும் மகனையும் அழைத்து முழுவதையும் படித்துக் காட்டினோம்.

மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "எங்க அப்பா எப்பப் பாத்தாலும் சித்தப்பா சித்தப்பான்னு சொல்லுவாரு. ஏர் புடிக்கக் கத்துக் குடுத்தவரு, பள்ளிக்கூடத்துல சேத்தவரு எல்லாம் அவருதான்னு. அப்பாவோட தம்பி மொறைன்னு நெனச்சிட்டு இருந்தேன், சாமி" என்றார்.

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையமர்த்திவிட்டு, முடிச்சவிழ்த்துப் பூசைக் காணிக்கையை மேசைமேல் வைத்தார். "ரெண்டு பேரு பேரையும் எழுதிக்குங்க. ஒரே பூசையில படிங்க."

இரண்டாமவரின் பெயர் இலத்தீனில் யோசேபுஸ். நாம் அதைச் சூசையப்பன் என்று திருப்பலிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.