சாக்கடைக்குப் போன 500 லிட்டர்

நுண்ணுயிரியல் படிப்பவன் மதுச்சாலைக்குப் போனான் என்றால் நீங்கள் நகைக்கக்கூடும். நான் சென்றது குடிப்பதற்கு அன்று, தொழில் பழகுவதற்கு. சென்ற கோடை விடுமுறையில், தன் கூரையின் கீழேயே பீர் காய்ச்சி விற்கும் ஒரு பெங்களூர் விடுதியில் இரண்டு மாதம் பயிற்சி பெற்றேன். மதுரையிலிருக்கும் அம்மாவிடம் "ஒரு தொழிற்சாலை" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

இடம் சிறிது, ஒழுங்கு பெரிது. முளைகட்டி உலர்த்திய தானியத்தை உடைக்கும் எந்திரத்துக்குக் கதவடைத்த தனி அறை. ஏனெனில், தானியத் தூசியில் புளிப்பேற்றும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அடுத்து, கண்ணாடிச் சுவருக்குப் பின்னே இரண்டு கொப்பரைகள். முதலாவதில் உடைத்த தானியம் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறும், மாப்பொருள் சர்க்கரையாகும். வடித்தெடுத்த இனிப்பு நீர் இரண்டாவதில் ஹாப்ஸ் பூவுடன் கொதிக்கும். பிறகு, தகடுகள் அடுக்கிய குளிர்விப்பானின் வழியே ஓடி 20 டிகிரிக்கு இறங்கி, கூம்பு போன்ற அடியுடைய எஃகுத் தொட்டிகளை அடையும். அங்கேதான் ஈஸ்ட் சேர்ப்பார்கள். தரை முழுவதும் வடிகாலை நோக்கிச் சாய்ந்திருக்கும்.

அந்தக் குளிர்விப்பான்தான் எல்லை. அதற்கு முன்னே நேரும் அசுத்தத்தைக் கொதிப்பு மன்னித்துவிடும்; அதற்குப் பின்னே மன்னிப்பார் இல்லை. குழாய், மூடி, கை யாவும் தூய்மையாக இருந்தாக வேண்டும்.

ஒருநாள் மாலை, தொட்டியில் பொருத்தவிருந்த குழாயின் நுனி என் கை நழுவித் தரையில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. மீண்டும் கிருமி நீக்கப் பத்து நிமிடம் ஆகும். சோம்பல் வென்றது, துணியால் துடைத்துப் பொருத்திவிட்டேன்.

ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. எட்டாம் நாள், அத்தொட்டியின் கூம்பில் படிந்த ஈஸ்டை எடுத்து அடுத்த தொட்டிக்கு இடப்போவதாக அறிந்தேன். நெஞ்சு பதைத்தது. என் பிழை ஒரு தொட்டியோடு நிற்காது. தொட்டிக்குத் தொட்டி தொடரும்! தலைமைத் தயாரிப்பாளரிடம் ஓடிச் சென்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஒரு குவளை பிடித்துச் சுவைத்தார், முகம் சுருங்கிற்று. அது ஹாப்ஸ் குறைந்த கோதுமை பீர். ஆகவே காப்பும் குறைவு. நுண்ணோக்கியில் பார்த்தோம். ஈஸ்டுகளுக்கிடையே மெல்லிய கோல்களாகக் கிருமிகள் கிடந்தன. 500 லிட்டரும் சாக்கடைக்குப் போயிற்று.

"இன்று சொன்னாய், ஒரு தொட்டி போயிற்று. அன்றே சொல்லியிருந்தால் இதைக் கவனித்திருப்பேன். சொல்லாமலே இருந்திருந்தால் எல்லாம் போயிருக்கும்" என்றார். என்னை விலக்கவில்லை. மறுநாள் குழாய் கழுவும் வேலையை எனக்கே தந்தார்.

அன்றிரவு அம்மாவுக்கும் உண்மையைச் சொன்னேன். பீர் என்றதும் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்:

"ஊறுகாய் ஜாடியில ஈரக் கரண்டி விடக்கூடாதுன்னு சின்ன வயசிலேயே சொன்னேனே, மறந்துட்டியாடா?"