செயலி போனது, வீடியோ போகவில்லை

2019 ஏப்ரல் 3. ஒத்தக்கடை அருகே, யானைமலை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், நீதிபதிகள் என்.கிருபாகரன், எஸ்.எஸ்.சுந்தர் அமர்வு ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. டிக்டாக் செயலியைப் பதிவிறக்கம் செய்ய அரசு தடை விதிக்க வேண்டும். அதில் எடுத்த வீடியோக்களை ஊடகங்கள் ஒளிபரப்பக் கூடாது. இணையத்தில் குழந்தைகளின் அந்தரங்கத்தைக் காக்க அமெரிக்காவில் 1998இல் வந்ததுபோல ஒரு சட்டம் இங்கும் வருமா என்று மத்திய அரசு பதில் சொல்ல வேண்டும். மனுதாரர் மதுரை வழக்கறிஞர். அந்த வழக்கில் நான் ஆஜராகவில்லை. ஆனாலும் ஆப் தயாரிக்கும் இளைஞர்கள் ஆலோசனை கேட்டு வரும்போதெல்லாம் நான் முதலில் எடுத்துச் சொல்வது அதைத்தான்.

அந்த மாதம் ஒவ்வொரு நாளும் செய்தியாக இருந்தது. தடைக்குத் தடை கேட்டு உச்ச நீதிமன்றம் போன நிறுவனத்துக்கு உடனடி நிவாரணம் கிடைக்கவில்லை. மதுரையில் அடுத்த விசாரணையன்று, நீதிமன்றத்துக்கு உதவ மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதார் நியமிக்கப்பட்டார். கூகுளும் ஆப்பிளும் தங்கள் ஸ்டோரிலிருந்து செயலியை எடுத்துவிட்டன. நாளொன்றுக்கு 5 லட்சம் டாலர் நஷ்டம் என்றது நிறுவனம். 24ஆம் தேதிக்குள் முடிவெடுக்காவிட்டால் இடைக்காலத் தடை விலகிவிடும் என்று உச்ச நீதிமன்றம் 22ஆம் தேதி சொன்னது. 24ஆம் தேதியே மதுரை அமர்வு தடையை நீக்கியது. நிறுவனம் கொடுத்த உறுதிமொழியை மீறி ஆபாச வீடியோ ஏறினால் நீதிமன்ற அவமதிப்பாகும் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது.

நீதிபதிகளின் கவலை நியாயமானது. பிள்ளைகளின் முகம் யார் கையில் சிக்கும் என்று இந்த நீதிமன்றம் கேட்டதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் உத்தரவு தொட்டது பதிவிறக்கத்தை. ஏற்கெனவே செயலி இருந்த போன்களில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏறிய வீடியோக்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. எந்த இடம்? இந்தியப் பயனாளர்களின் தரவு அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் பிற நிறுவனங்களின் தரவு மையங்களில் இருப்பதாக அதே ஆண்டு ஜூலையில் அந்த நிறுவனமே சொன்னது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கும் வாடகை இடம்தான். இந்தியாவில் மையம் அமைப்பது பற்றி அதற்குப் பிறகுதான் பேச்சு வந்தது.

இந்த இடத்தில்தான் நம் ஊர்ப் பையன்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "சார், எல்லாம் கிளவுடுல இருக்கு. பிரச்சினைன்னா கிளவுட் கம்பெனி பார்த்துக்கும்ல?" என்று ஒரு தம்பி கேட்டார். பார்த்துக்கொள்ளாது, தம்பி. கீழமாசி வீதி மளிகை வியாபாரி சரக்கை வாடகைக் குடோனில் போட்டிருந்தாலும், வாங்கியவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வியாபாரிதான். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. தரவைக் கையாள யாரை அமர்த்தினாலும், அவரோடு என்ன ஒப்பந்தம் போட்டாலும், பொறுப்பு செயலியை நடத்துபவருடையது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்; அதில் தவறினால் 200 கோடி வரை. மதுரையில் கேட்ட கேள்விக்கு நாடாளுமன்றத்திலிருந்து பதில் வர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பயனாளர்கள் ஏற்றுபவற்றுக்காக இடைநிலையாளர் மீது பழி வராதபடி பாதுகாப்புத் தருகிறது என்பது உண்மை. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்த பிறகே நீக்கும் கடமை எழும் என்று 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆனால் உத்தரவு வந்த நாளில் நீக்க முடியாத நிலையில் நின்றால் அந்தப் பாதுகாப்பு எதற்கு உதவும்? கிளவுடில் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால், டெலிட் செய்த கோப்பு உள்ளே உட்கார்ந்திருக்கும். கோப்பறை பொதுவில் திறந்திருந்தால், செயலியே போன பிறகும் லிங்க் வைத்திருப்பவர் வீடியோவைப் பார்ப்பார். சிலர் சேமிப்பகத்தின் ரகசியச் சாவியைச் செயலிக்குள்ளேயே எழுதி வெளியிட்டுவிடுகிறார்கள். கிளவுட் கணக்கு பழைய கூட்டாளியின் மின்னஞ்சலில் இருந்து, அவர் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டால், கோர்ட்டுக்கு வராமல் அந்தக் கதவு திறக்காது.

டிக்டாக்கை 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு வேறு 58 செயலிகளோடு சேர்த்து, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் தடை செய்தது. மதுரை எழுப்பிய குழந்தைகள் பிரச்சினை அந்தத் தடைக்குக் காரணமாகவில்லை.

வடபழஞ்சி, இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காக்களிலோ, வீட்டு மாடியிலோ உட்கார்ந்து செயலி எழுதும் தம்பி தங்கைகளே, வெளியிடுவதற்கு முன்னால் கிளவுட் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். தரவு எந்த நாட்டில் இருக்கிறது, கணக்கு யார் பெயரில் இருக்கிறது, ஒரு பிள்ளையின் படத்தை அதன் தாய் நீக்கச் சொன்னால் எல்லாப் பிரதிகளையும் உங்களால் அழிக்க முடியுமா என்று எழுதி வையுங்கள். பதில் தெரியவில்லை என்றால், தெரியும் வரை வெளியிடாதீர்கள்.